கடைசியாக எப்போது பறந்தீர்கள்?

2024 ஜூலையில், ஆடி பிறந்து வந்த முதல் சனிக்கிழமை, மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு அருகில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் விமானிகளுக்கான வேலைவாய்ப்பு முகாம் நடந்தது. காலை ஒன்பது மணிக்கு நம்பிக்கையோடு உள்ளே போனேன். மாலை நாலரைக்கு வெளியே வந்தபோது ஒன்றே கால் லட்சம் ரூபாய் போயிருந்தது. ஒரு மேசையில்கூடப் பேச்சு உருப்படியாக முடியவில்லை. திரும்பி வரும்போது மெட்ரோவில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சென்ட்ரல் வரை அழுதேன். அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போன விஷயங்கள் எதுவும் பெரிய ரகசியம் இல்லை. யாராவது ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் போதும். அந்த அரை மணி நேரம் எனக்குக் கிடைக்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு வில்லிவாக்கம். அப்பா ஐசிஎஃப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் சொந்தத்திலோ தெருவிலோ விமானி ஆனவர் ஒருவரும் இல்லை. வீட்டை வங்கியில் அடமானம் வைத்துக் கல்விக் கடன் வாங்கி, மகாராஷ்டிராவில் ஒரு ஃபிளையிங் ஸ்கூலில் சேர்ந்தேன். தங்குமிடம், சாப்பாடு, பரீட்சைக் கட்டணம் எல்லாம் சேர்த்து 52 லட்சம் ஆனது. 2023 ஜனவரியில் சிபிஎல், அதாவது வணிக விமானி உரிமம், கைக்கு வந்தது. அதே வருடம் மே மாதம் கோ ஃபர்ஸ்ட் விமானங்கள் பறப்பது நின்றது. ஆயிரக்கணக்கான மணி நேரம் ஏர்பஸ் ஓட்டியவர்களே வேலை தேட ஆரம்பித்த நேரம் அது. 200 சொச்சம் மணி நேரம் வைத்திருந்த என்னை யார் கூப்பிடுவார்கள்? அண்ணா நகரில் ஒரு டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்தபடி காத்திருந்தேன். வங்கித் தவணையில் பாதி என் சம்பளத்திலிருந்தும் பாதி அப்பாவின் பென்ஷனிலிருந்தும் போய்க்கொண்டிருந்தது. இந்த நிலையில் ஒரு முகாம் அறிவிப்பைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

முகாமுக்கு முந்தைய இரண்டு வாரமும் நான் எதற்குத் தயாரானேன் தெரியுமா? தி. நகரில் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு கோட்டும் பேண்டும் எடுத்தேன். ரெஸ்யூமேயைப் பளபளப்பான தாளில் நாற்பது பிரதி போட்டேன். கண்ணாடி முன் நின்று, “சின்ன வயதில் மொட்டை மாடியில் நின்று விமானங்களைப் பார்ப்பேன்” என்று தொடங்கும் அறிமுகத்தை மனப்பாடம் செய்தேன். ‘முன்னுரிமைப் பதிவு’ என்று சொல்லி ஒரு ஆலோசகர் 25 ஆயிரம் கேட்டார். நிறுவனங்களின் தேர்வாளர்களை நேரில் உட்கார வைத்துப் பேச வைப்பதாகச் சொன்னார். கொடுத்தேன். முகாமுக்குப் போன பிறகுதான் தெரிந்தது, அப்படி ஒரு வரிசையே கிடையாது. பணம் கட்டாமல் வந்தவர்களும் நானும் ஒரே வரிசையில்தான் நின்றோம்.

உள்ளே ஏறக்குறைய இருபது மேசை இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வெள்ளை விரிப்பு, ஒரே மாதிரி பேனர், ஒரே மாதிரி சிரிப்பு. இதுதான் முதல் பொறி. ஆள் எடுக்கிற விமான நிறுவனம், ஃபிளையிங் ஸ்கூல், டைப் ரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதி) விற்கிற முகவர், கடன் தருகிற வங்கி எல்லாருமே தோளில் பட்டை குத்திய வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்திருப்பார்கள். நான் முதல் இரண்டு மணி நேரத்தை, ஆள் எடுக்காத ஏழு மேசைகளில் கழித்தேன். இப்போது போனால் எந்த மேசையிலும் உட்காரும் முன்பே கேட்டுவிடுவேன்: “சார், நீங்கள் விமானிகளை வேலைக்கு எடுக்கிறீர்களா, பயிற்சி கொடுக்கிறீர்களா?” இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நேர்மையானவர்கள் உடனே பதில் சொல்வார்கள். இழுத்துப் பேசுகிறவர்களிடம் துண்டுப் பிரசுரத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடலாம். அந்த மண்டபத்தில் நிஜமாகவே ஆள் எடுக்க வந்தவர்கள் மூன்று மேசைதான். அந்த மூன்றுக்கும் வரிசை கதவு வரைக்கும் நின்றது.

முதல் நிறுவனத்தின் மேசைக்கு நான் போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை. எனக்குக் கிடைத்தது மூன்று நான்கு நிமிடம். மொட்டை மாடிக் கதையை ஆரம்பித்தேன். மேசையில் இருந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டே ரெஸ்யூமேயைப் புரட்டினார். இரண்டாவது வாக்கியம் முடியும் முன்பே கேட்டார்: “கடைசியாக எப்போது பறந்தீர்கள்?”

2022 டிசம்பர். பத்தொன்பது மாதம் ஆகியிருந்தது. சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது. அடுத்த கேள்வி: “இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் எதுவரைக்கும்?” ஐஆர் என்கிற இந்தத் தகுதி, அதாவது வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே ஓட்டும் தகுதி, ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். என்னுடையது முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. “மெடிக்கல்?” கிளாஸ் ஒன் மெடிக்கல், அதாவது வணிக விமானிக்கான மருத்துவச் சான்று, முடிய பத்தொன்பது நாள்தான் இருந்தது. அவர் கோபப்படவில்லை. “எல்லாவற்றையும் புதுப்பித்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்” என்று சொல்லி, என் ரெஸ்யூமேயை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். மற்ற இரண்டு மேசையிலும் முதல் கேள்வி இதேதான். சொந்தக் கதையை யாருமே கேட்கவில்லை.

ஆகவே அந்த முதல் நிமிடத்தில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: மொத்தம் எத்தனை மணி நேரம், அதில் பிஐசி (விமானத்துக்கு நாமே பொறுப்பாக இருந்து ஓட்டிய நேரம்) எவ்வளவு, இரட்டை எஞ்சினில் எவ்வளவு, கடைசியாகப் பறந்த தேதி, ஐஆரும் மெடிக்கலும் எந்தத் தேதி வரை, ஆங்கிலப் புலமைச் சான்று எந்த நிலை, எப்போது சேர முடியும். ரெஸ்யூமேயின் முதல் ஆறு வரியிலும் இதே வரிசையில் இருக்க வேண்டும். விமானி வேலையில் ஆள் எடுப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது, இந்த ஆளை நாளைக்கே பயிற்சிக்கு அனுப்ப முடியுமா முடியாதா என்பதுதான். மனிதராக நாம் யார் என்று பார்ப்பதற்கு அவர்களிடம் எழுத்துத் தேர்வு, மனத்திறன் தேர்வு, குழு விவாதம், நேர்காணல் என்று பின்னால் நிறைய இருக்கிறது.

இரண்டாவது மேசையில் லாக்புக்கை, அதாவது ஒவ்வொரு பறப்பையும் எழுதி வைக்கும் பதிவேட்டை, கேட்டார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தவறை என் பேட்ச்சில் இன்னும் இரண்டு பேர் செய்திருந்தது பிறகு தெரிந்தது. லாக்புக்கில் என் பிஐசி நேரம் 112 மணி 40 நிமிடம். ரெஸ்யூமேயில் 104 மணி என்று இருந்தது. எது சரி என்று மேசையில் இருந்தவர் கேட்டார். எனக்குக் கைகால் ஓடவில்லை. நான் எதையும் ஏற்றிப் போடவில்லை, சொல்லப்போனால் குறைத்துத்தான் போட்டிருந்தேன். ஆனால் இரண்டு எண் இரண்டு இடத்தில் இருந்தால் பார்ப்பவர் மனதில் வருவது சந்தேகம் மட்டும்தான். “எனக்குத் தெரியவில்லை சார், சரிபார்க்கிறேன்” என்றேன். அவர் லாக்புக்கை மூடி வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து விடிய விடிய உட்கார்ந்து பார்த்தபோது காரணம் கிடைத்தது. எக்ஸெலில் ஏற்றும்போது ஒரு மணி 45 நிமிடத்தை 1.45 என்று அடித்திருக்கிறேன். கம்ப்யூட்டருக்கு அது மணியும் நிமிடமும் அல்ல, வெறும் தசம எண். 1.45ஐயும் 1.45ஐயும் கூட்டினால் அது 2.90 என்று சொல்லும். உண்மையில் அது 3 மணி 30 நிமிடம். ஐம்பத்திரண்டு பறப்புகளில் இப்படியே சிந்திச் சிந்தி 8 மணி 40 நிமிடம் காணாமல் போயிருந்தது. விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ சிபிஎல்லுக்குக் கேட்பதே மொத்தம் 200 மணி, அதில் 100 மணி பிஐசி. அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு எட்டரை மணி என்பது சின்ன எண் இல்லை. எக்ஸெலில் அந்தக் கட்டங்களை [h]:mm என்ற நேர வடிவத்துக்கு மாற்றிவிட்டு 1:45 என்று அடிக்க வேண்டும், அல்லது நிமிடங்களைத் தனியாகக் கூட்டி 60ஆல் வகுக்க வேண்டும். லாக்புக்கின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பென்சிலால் மறுபடி கூட்டிப் பாருங்கள். பகல், இரவு, டூயல், பிஐசி, கிராஸ் கன்ட்ரி, இன்ஸ்ட்ருமென்ட் என்று எல்லாப் பத்தியும் பார்க்க வேண்டும். அடுத்த பக்கத்துக்கு எண் சரியாகக் கொண்டுபோகப்பட்டிருக்கிறதா, பயிற்றுநர் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறதா, டிஜிசிஏவின் ஈஜிசிஏ இணையதளத்தில் ஏறியிருக்கும் பதிவோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். எனக்கு இதற்கு முழுதாக நான்கு இரவு பிடித்தது. முகாமுக்கு முந்தைய வாரம் செய்யக்கூடிய வேலை இல்லை, ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டிய வேலை.

அப்புறம் பெயர். இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே உள்ள தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் இடத்தில். உரிமத்தில் இனிஷியல் பெயருக்குப் பின்னால். முகாமுக்கு வடக்கே இருந்து வந்திருந்த ஒரு சரிபார்ப்பு அலுவலருக்கு இது மூன்று வேறு ஆட்கள் மாதிரி தெரிந்ததில் தப்பு சொல்ல முடியாது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஸ்டாம்ப் பேப்பரில் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, பாரிமுனைப் பக்கம் ஒரு நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி ஃபைலில் வைத்தால் அந்தப் பேச்சே எழாது. நான் அதைச் செய்தது முகாம் முடிந்த பிறகு. ஒரு மணி நேரத்து வேலை.

மூன்றாவது மேசையில் ஓய்வு பெற்ற கேப்டன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு என்னிடம் கனிவாகப் பேசிய ஒரே ஆள் அவர்தான், அதனால்தான் அங்கே தடுமாறியது இன்னும் வலிக்கிறது. நான் சென்னை என்று தெரிந்ததும் தமிழிலேயே கேட்டார். “கத்திரி வெயில், மதியம் ரெண்டு மணி, மீனம்பாக்கத்துல 40 டிகிரி, கியூஎன்எச் 1003. டென்சிட்டி ஆல்டிட்யூட் எவ்வளவு வரும், சொல்லும்மா.” கியூஎன்எச் என்பது கடல் மட்டக் கணக்கில் காற்றழுத்தம். டென்சிட்டி ஆல்டிட்யூட் என்பது, காற்றின் அடர்த்தியை வைத்துப் பார்த்தால் விமானம் எவ்வளவு உயரத்தில் இருப்பது மாதிரி என்ற கணக்கு. டியூஷனில் தினமும் பிள்ளைகளுக்குக் காற்றழுத்தம் நடத்துகிறவள் நான். ஒன்றுமே வரவில்லை. வாய் உலர்ந்துவிட்டது. அவரே பேனாவை எடுத்து என் ரெஸ்யூமேயின் பின்புறம் போட்டுக் காட்டினார். கடல் மட்டத்தில் இயல்பு வெப்பம் 15 டிகிரி, ஆக 25 டிகிரி கூடுதல். டிகிரிக்கு 120 அடி என்றால் 3,000 அடி. அழுத்தம் இயல்பைவிட 10 ஹெக்டோபாஸ்கல் குறைவு, ஒன்றுக்கு ஏறக்குறைய 30 அடி என்று இன்னொரு 300. நிலையத்தின் உயரம் ஐம்பது அடி சொச்சம். ஆக 3,400 அடி பக்கம். “கடற்கரை ஊர்னு நினைப்போம். ஆனா விமானத்துக்கு அன்னைக்கு அது ஏலகிரி மலை மேல இருந்து கிளம்புற மாதிரிதான். ஓடுற தூரம் கூடும், ஏறுற வேகம் குறையும்” என்றார். அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அவர் கேட்டது பாடப் புத்தகக் கேள்விதான், ஆனால் நம் ஊரை வைத்துக் கேட்டார். பின்னால் மற்றவர்களிடம் விசாரித்தபோதும் இதே மாதிரிதான் சொன்னார்கள்: அன்று காலை மீனம்பாக்கத்து மெட்டார் என்ற விமான நிலைய வானிலை அறிக்கையைப் படித்து விளக்கச் சொன்னார்கள், பிற்பகலில் கடல்காற்று நுழைந்தால் எந்த ஓடுபாதை என்று கேட்டார்கள், 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் விமான நிலையத்தை மூட வேண்டி வந்ததை வைத்து, நீர் தேங்கிய ஓடுபாதையில் பிரேக் எப்படி வேலை செய்யும் என்று கேட்டார்கள். ஆகவே முகாம் நடக்கும் ஊரின் ஓடுபாதைகளையும் பருவநிலையையும் தெரிந்துகொண்டு போங்கள். அன்று காலை கிளம்பும் முன் அந்த ஊர் மெட்டாரை ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். பேனா, வெள்ளைத் தாள் கையில் இருக்கட்டும். கணக்கு வராவிட்டாலும் எங்கிருந்து தொடங்குவீர்கள் என்று காட்டினால் பாதி மரியாதை தப்பிக்கும். நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன், அதுதான் தப்பு.

அந்த மனநிலையோடு வெளியே வந்தபோதுதான் டைப் ரேட்டிங் முகவர் என்னைப் பிடித்தார். முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும். “டைப் ரேட்டிங் இல்லாமல் உன் ரெஸ்யூமேயைத் திறந்தே பார்க்க மாட்டார்கள்மா. ஏ320க்கு வெளிநாட்டில் சிமுலேட்டர், இந்த பேட்ச்சில் இரண்டே இடம்தான். இன்றைக்கு இரண்டு லட்சம் முன்பணம் கட்டினால் போதும்” என்றார். அப்பாவுக்குப் போன் செய்தேன். எனக்கு என்ன புரிந்தது, அவருக்கு என்ன புரியும்? “உனக்குச் சரின்னு பட்டா கட்டு பாப்பா” என்றார், அவ்வளவுதான். அவர் வைப்புநிதியை உடைத்து வைத்திருந்த பணம் என் கணக்கில் இருந்தது. யுபிஐயில் ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான் போகும் என்பதால் ஒரு லட்சம் போனது. மீதியை மறுநாள் அனுப்புவதாகச் சொன்னேன். அன்று இரவு லாக்புக்கோடு உட்கார்ந்திருக்கும்போதுதான் புத்தி வந்தது, மறுநாள் அனுப்பவில்லை. அந்தப் பயிற்சி நிலையத்துக்கு டிஜிசிஏ ஒப்புதல் இருக்கிறதா என்று கேட்டு எழுதிய கடிதத்துக்குக் கடைசி வரை பதில் இல்லை. பணத்தைக் கேட்டபோது, ரசீதில் பொடி எழுத்தில் இருந்த ‘திருப்பித் தரப்படாது’ என்ற வரியைக் காட்டினார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் செய்து, நாலு மாதம் விடாமல் பின்தொடர்ந்ததில் 40 ஆயிரம் வந்தது. மீதி 60 ஆயிரமும் முன்னுரிமைக்குக் கட்டிய 25 ஆயிரமும் போனது போனதுதான்.

டைப் ரேட்டிங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வேலை கையில் இல்லாமல் அதைச் செய்தால், ஐஆர் மாதிரியே அதையும் பறக்காமல் விட்டால் மங்கிப் போய்விடும், திரும்பப் புதுப்பிக்க மறுபடி சிமுலேட்டர் செலவு. எந்த விமானத்துக்கு என்பதும் முக்கியம். இண்டிகோவில் பெரும்பாலும் ஏ320 குடும்பம், அதோடு ஏடிஆர். ஆகாசாவில் போயிங் 737 மேக்ஸ். அலையன்ஸ் ஏரில் பெரும்பாலும் ஏடிஆர். ஒன்றுக்குச் செலவழித்துவிட்டு மற்றதில் வாசல் திறந்தால் அந்தப் பணம் வீண். முகாமில் யார் சொன்னாலும் அன்றைக்கே பணம் கட்டாதீர்கள். நிஜமான நிறுவனம் ஆள் எடுக்கும்போது தன் சொந்த இணையதளத்தில் அறிவிப்பு போட்டிருக்கும், வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்க்கலாம். போகும்போது வங்கிக் கணக்கில் பெரிய தொகை இல்லாமல் போவதும் ஒரு காப்புதான்.

அந்த மண்டபத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளோடு நிறைய அப்பா அம்மாக்களைப் பார்த்தேன். அவர்கள் முகத்தில் என் அப்பாவின் முகம்தான் தெரிந்தது. அவர்களுக்கு ஒன்று மட்டும். எந்த ஸ்கூலுக்கும் ஒரு ரூபாய் கட்டும் முன் பிள்ளைக்கு டிஜிசிஏ மெடிக்கலை முடித்துவிடுங்கள், முதலில் கிளாஸ் டூ, பிறகு கிளாஸ் ஒன். கண்ணிலோ காதிலோ ஏதாவது இருந்தால் சில ஆயிரம் செலவிலேயே தெரிந்துவிடும். ஸ்கூலில் எத்தனை விமானம் இருக்கிறது என்று கேட்காதீர்கள். இன்றைக்கு எத்தனை பறக்கும் நிலையில் இருக்கிறது, எத்தனை பயிற்றுநர், போன பேட்ச் 200 மணி முடிக்க எத்தனை மாதம் ஆனது என்று கேளுங்கள். முடித்த பிள்ளைகள் இரண்டு பேரிடம் நீங்களே பேசுங்கள். பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள், பறக்கப் பறக்கக் கட்டுங்கள்.

நான் அதற்குப் பிறகு செய்தது இதுதான். ஆகஸ்டில் மெடிக்கலைப் புதுப்பித்தேன். மழைக்காலத்தில் மகாராஷ்டிராவுக்குப் போனால் மேகத்தைப் பார்த்துக்கொண்டு ஹாஸ்டல் வாடகை கட்ட வேண்டும் என்று தெரியும், அதனால் அக்டோபர் வரை காத்திருந்து போனேன். பழைய ஸ்கூலில் சில மணி நேரம் பறந்து, இரட்டை எஞ்சினில் ஐஆர் சோதனையும் முடித்தேன். 3 லட்சத்து 60 ஆயிரம் ஆனது. அம்மாவின் வளையல் இப்போதும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் சென்னையிலேயே இன்னொரு முகாம் வந்தது. கோட்டு போடவில்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கருநீலப் பேண்ட், ஒரே ஒரு ஃபைல். வீட்டிலேயே இட்லி சாப்பிட்டுவிட்டு ஏழரைக்கெல்லாம் வாசலில் நின்றேன். ஆள் எடுக்கும் மேசைகள் எவை என்று முந்தைய நாளே பட்டியலில் பார்த்து வைத்திருந்ததால் நேராகப் போனேன். “கடைசியாக எப்போது பறந்தீர்கள்?” என்று கேட்டார்கள். “நவம்பர் 9, சார்” என்றேன். லாக்புக்கை வாங்கிப் பார்த்தார்கள், எண்கள் ஒத்துப்போயின. அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது.

ஏப்ரலில் எழுத்துத் தேர்வும் மனத்திறன் தேர்வும் முடிந்து இரண்டிலும் தேறிவிட்டேன். சிமுலேட்டர் சோதனை அடுத்த மாதம் 12ஆம் தேதி. மெடிக்கல் முடிய இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது, புதுப்பிக்க ஜூலை முதல் வாரத்துக்கே தேதி வாங்கி வைத்துவிட்டேன்.